கடலோடிகள் வரும்வரை

அக்டோபர் 9, வியாழன்

மழை. செவ்வந்திக் கொட்டகையில் மூன்று விளக்குகள் போய்விட்டன. இரவில் விளக்கு எரியாவிட்டால் செடி வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடும், காம்பு குட்டையாகிவிடும், கீழே மனாடோ நகரத்து வியாபாரி மூக்கைச் சுளிப்பார். நோல்டியிடம் சொன்னேன். மாற்றிவிடுகிறேன் என்றான். என் புருஷன் மாற்றிவிடுகிறேன் என்றால் கிறிஸ்துமஸுக்குள் நடக்கலாம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் தேர்தல். சபையில் எங்கள் தெருவும் பின்தெருவும் சேர்ந்து ஒரு கோலோம். ஒவ்வொரு கோலோமும் தனக்கொரு மூப்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு எப்போதும் பெர்ட்டி மாமாதான். தங்கமான மனிதர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டிலிருக்கும்போதுகூடச் சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருப்பார். ஜெபம்தான் கொஞ்சம் நீளம். கொஞ்சமா? புதன்கிழமை வீட்டு ஆராதனையில் சாப்பாட்டுக்கு முன் அவர் கண்ணை மூடினால் உலகப் படைப்பில் ஆரம்பிப்பார். பிறகு ஜனாதிபதி, ஆளுநர், மேயர், மருத்துவர்கள், விவசாயிகள், எங்கள் எரிமலை என்று படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் கடலோடிகளுக்காக மன்றாடுவார். கடலோடிகள் வந்துவிட்டால் ஆமென் பக்கத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கரண்டிச் சத்தம் அப்போதே ஆரம்பித்துவிடும்.

அவர் ஊரில் இல்லாத நாட்களில் நான்தான் சாப்பாட்டு ஜெபம். கர்த்தாவே இதற்கு நன்றி, சமைத்த கைகளை ஆசீர்வதியும், ஆமென். ஒரே மூச்சு. சோற்றில் ஆவி பறந்துகொண்டிருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

நான்.

அதே நாள், சாயங்காலம்

 எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார்கள். முதல் சீட்டில் 'ஓல்வி லொந்தோ' என்று வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவதும் நான். பிறகு பெர்ட்டி மாமா. பிறகு நான், நான், நான். கரும்பலகையில் என் பெயருக்கு நேரே கோடுகள் வேலி கட்டியதுபோல் வளர்ந்துகொண்டே போயின. எனக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. நோல்டி என் முழங்கையை இடித்து, சிரிக்காதே, கோயில் என்றான். அவன் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பெர்ட்டி மாமா நேராக உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து வந்து என் கையைப் பிடித்து, கர்த்தர் உன்னோடு இருப்பாராக என்றார். கை ஜில்லென்று இருந்தது. அவர் மகன் டெக்கி ஊரில் இருந்திருந்தால் பக்கத்திலாவது நின்றிருப்பான். அவன் எந்தக் கடலில் எந்தச் சரக்குக் கப்பலில் இருக்கிறானோ.

போதகர் கிரிட்டா அம்மா சொன்னார்: சம்மதமா இல்லையா என்று நவம்பர் முடிவதற்குள் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும், பிரதிஷ்டை ஜனவரியில். சம்மதம் இல்லையென்று யாராவது சொல்வார்களா? நான் மூப்பர்! நாற்பத்தாறு வயதில், பன்றிக்கறி வாசனை போகாத கையோடு, நான் மூப்பர்.

அக்டோபர் 13, திங்கள்

மீக்கே வந்தாள். அடுத்த வீடு, என் உயிர்த்தோழி, வாயில் ஒன்றும் நிற்காது. என்னிடம் என்ன கண்டு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். அன்பு, பொறுமை, விசுவாசம் என்று ஏதாவது சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன் ஜெபம் சின்னது, ஓல்வி. இனிமே அஞ்சு வருஷத்துக்குச் சூடாச் சாப்பிடலாம்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் போன பிறகும் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவும்போது ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் நான் ஜெபம் செய்தேனா, சட்டிக்கு மூடி திறந்தேனா?

அக்டோபர் 15, புதன்

மூப்பராகப் போகிறவளே ஜெபிக்கட்டும் என்றார்கள். ஜெபித்தேன். ஒரே மூச்சு. கை தட்டினார்கள். ஜெபத்துக்கு.

பெர்ட்டி மாமா தட்டவில்லை.

அக்டோபர் 18, சனி

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் போதகரம்மா கூட்டி வைத்துப் பேசினார். கூட்டம் நடத்துவது, காணிக்கை எடுப்பது எல்லாம் பிறகு தானாக வரும் என்றார். முதலில் ஒன்றே ஒன்று. காலையில் வேறு எதற்கும் முன்னால் வேதம் வாசிக்க வேண்டும், ஜெபிக்க வேண்டும். மக்களிடம் பேசுவதற்கு முன்னால் கர்த்தரிடம் பேசாதவர் மக்களை எங்கே கூட்டிக்கொண்டு போவார் என்று கேட்டார். எல்லாரும் தலையை ஆட்டினோம்.

நான் கை தூக்கினேன். காப்பிக்கும் முன்னாலா?

"காப்பிக்கும் முன்னால, ஓல்வி."

மூப்பர் வேலை விளையாட்டில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

காப்பிக்கு முன் வேதத்தைத் திறந்தேன். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார். நம் கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப்பலகை பலகையாகப் படித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. தூங்கிவிட்டேன். கன்னத்தில் பக்கத்தின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது. என் அழகு ஏன் இப்படிப் பாழாகிறது என்று நோல்டி கேட்டான்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்றைக்கு என்ன படித்தேன் தெரியுமா! ராஜாவுக்குப் பானம் ஊற்றிக் கொடுக்கிற ஒருத்தன். ஊற்றிக் கொடுப்பதுதான் வேலை, குருவும் இல்லை, தீர்க்கதரிசியும் இல்லை. அவன் ஊர் மதில் இடிந்து கிடக்கிறது. அதனால் முகம் வாடியிருக்கிறது. ராஜா, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அவன் உடனே பதில் சொல்லவில்லை. கர்த்தரிடம் ஜெபித்துவிட்டுப் பிறகு ராஜாவுக்குப் பதில் சொல்கிறான். ராஜா காத்திருக்க, கிண்ணம் கையில் இருக்க, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்! அங்கே எவ்வளவு இடம் இருந்திருக்கும், ஒரு மூச்சு இருக்குமா? அந்த இடத்தில் ஜெபித்திருக்கிறான். மதிலையும் அவன்தான் கட்டுகிறான், ஊரே அவன் பின்னால் நிற்கிறது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். ஈரச் செருப்போடு தோப்புக்கு ஓடினேன். நோல்டி பனையில் பாதி உயரத்தில், மூங்கில் ஏணியில், இடுப்பில் கள்ளுக்குழாயோடு தொங்கிக்கொண்டிருந்தான். கீழே நின்றுகொண்டு முழுக்கதையும் கத்திச் சொன்னேன். உன் தொழில்தான் நோல்டி, பானம் ஊற்றுகிறவன்தான், தலைவனாகிவிட்டான் என்றேன்.

"நான் இறங்கினப்புறம் சொல்லேன். இப்ப ஜெபிக்க ரெண்டு கையும் காலியா இல்ல."

பக்கத்துத் தோப்புக்காரர் என்னவென்று வந்து கேட்கும்வரை சிரித்தோம். ஆனால் ஒன்று, நானும் ஒரே மூச்சில்தானே ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவனுடையதும் ஒரே மூச்சு. ஏன் அது வேறாக இருக்கிறது? பிடிபடவில்லை. நாளை மறுபடியும் படிக்க வேண்டும். நாளை எப்போது வரும் என்று இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

பூ வண்டியைத் தவறவிட்டேன். சோற்றைத் தீய விட்டேன். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். வேதத்தில் சங்கீதங்கள் என்கிற பாட்டுப் பகுதியில் இருக்கிறேன். இவ்வளவு நாள் இதெல்லாம் அலமாரியில் மேசைவிரிப்புக்கு அடியில் கிடந்ததா? யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே. ஞாயிறுதோறும் சொன்னார்கள்தான். நான் மத்தியானச் சமையலை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டுக்காரன் கர்த்தரிடம் எப்படிப் பேசுகிறான்! கோபிக்கிறான், எங்கே போய்விட்டீர் என்று சண்டை போடுகிறான், அடுத்த வரியில் துள்ளுகிறான். கர்த்தரிடம் இப்படிப் பேசலாமா? பேசலாம் போலிருக்கிறது.

அக்டோபர் 29, புதன்

நோல்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடியுமுன் எழுந்து போகிறாள், தனியாகச் சிரிக்கிறாள், காப்பியைத் தொடமாட்டேன் என்கிறாள், சோறு தீய்கிறது. காதல் வந்தபோது இவள் இப்படித்தான் இருந்தாள் என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பாவம். இன்று காலை பூனை மாதிரி பின்னாலேயே வந்திருக்கிறான்.

கொட்டகையில் விளக்கடியில் உட்கார்ந்து செவ்வந்திகளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் அவன், கையில் ஒரு விறகுக்கட்டை.

யாரை அடிக்க வந்தாய் என்றேன். கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பாம்பு ஏதாவது இருந்தால் என்று வந்தேன் என்றான். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வாசி என்றான். கொஞ்சம் கேட்டான். கண்ணுக்குக் கெடுதல், இவ்வளவு மங்கலில் வாசிக்காதே என்றான்.

மத்தியானம் பார்த்தால் மூன்று விளக்குகளையும் மாற்றியிருக்கிறான்.

நவம்பர் 5, புதன்

ஐயையோ.

மீக்கே வீட்டில் ஆராதனை. மஞ்சள் போட்ட மீன் குழம்பு, மூங்கிலில் வெந்த பன்றிக்கறி, வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்தது. ஓல்வி ஜெபி என்றார்கள். கண்ணை மூடினேன். சோற்றுக்கு நன்றி சொன்னேன். அப்புறம் அந்தப் பானக்காரன் ஞாபகம் வந்தான், ஒரு கணம் சும்மா இருந்தேன். அவ்வளவுதான், எங்கிருந்தோ ஊற்றெடுத்துக்கொண்டது. மீக்கேயின் அம்மாவுக்கு முழங்கால் வலி. பின்தெருச் சாக்கடை. நோல்டியின் ஏணி. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி எல்லாருடைய பெயரையும் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் குழம்பில் ஆடை கட்டியிருந்தது. ஒரு குழந்தை தூங்கிவிட்டது. பெர்ட்டி மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீக்கே என் தொடையைக் கிள்ளினாள், நீலம் பாய்ந்திருக்கிறது.

"உன்னை எதுக்குப் போட்டோம்னு மறந்துட்டியா?" என்றாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கு வரவில்லை.

நவம்பர் 12, புதன்

சுருக்கமாக முடிக்க எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. மூடாத குழாய் மாதிரி ஆகிவிட்டேன். அதுவும் சாப்பாடு வருமுன்னே இன்னும் ஒரு அதிகாரம் வாசிப்போமா என்று கேட்டுவிட்டேன், ஆசையில். பானம் ஊற்றுகிறவன் கதையை அவர்களுக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது. கதையைக் கேட்டார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் எல்லாருடைய பார்வையும் சமையலறைப் பக்கமே இருந்தது.

நவம்பர் 15, சனி

மீக்கேயும் பின்தெருவிலிருந்து இரண்டு பேரும் வந்தார்கள். தட்டு நிறைய வாழைப்பழப் பொரியல், மிளகாய்த் துவையலோடு. எங்கள் ஊரில் தட்டோடு வந்தால் ஏதோ கசப்பாகச் சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம்.

சுற்றி வளைத்துப் பேசினார்கள். பூ வேலை, வீட்டு வேலை, இதில் மூப்பர் வேலையும் எனக்குச் சிரமமாக இருக்குமாம். சம்மதம் இல்லை என்று போதகரம்மாவிடம் சொல்லிவிட்டால் மறுபடியும் பெர்ட்டி மாமாவையே போட்டுவிடலாமாம். அவருடையது நீளம்தான், ஆனால் எங்கே முடியும் என்று தெரியுமாம். உன்னுடையதில் கடலோடிகளே வரமாட்டேன் என்கிறார்கள், கரண்டியை எப்போது எடுப்பது என்றே தெரியவில்லை என்றாள் மீக்கே. அவளே சிரித்துவிட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போங்கடி. என்னைக் கூப்பிட்டது யாரு? நானா நின்னேன்? நீங்கதானே கோடு கோடாப் போட்டீங்க? இப்ப எனக்கு ஆசை வந்தப்புறம் வேணாம்ங்கறீங்க. சோறு ஆறினா செத்தாப் போயிடுவீங்க?

பொரியல் முழுவதையும் நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் கோபம்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் வாசித்தேன். ஜெபம் என்று ஒன்றும் வரவில்லை. கர்த்தரிடம் சண்டை போட்டேன், பாட்டுக்காரன் போட்ட மாதிரி.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூப்பர் என்றால் மக்களைச் சேர்த்து வைக்க வேண்டும். நான் புதனுக்குப் புதன் எல்லாரையும் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேன். வாசிப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. கொட்டகை இருக்கிறது, செவ்வந்திகள் ஒன்றும் சொல்வதில்லை. மூப்பர் ஆகாமல் போனால் என்ன? என்னவா? போன மாதம்வரை நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றை இப்போது விட மனம் வரவில்லை.

போதகரம்மா மனாடோவில் சபைக் கூட்டத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்ததும் சொல்லிவிடுவேன். சம்மதம் இல்லை.

நோல்டியிடம் சொன்னேன். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான். அவன் காப்பி போட்டதே இல்லை. குடிக்க முடியவில்லை, அவ்வளவு மோசம்.

நவம்பர் 20, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பெர்ட்டி மாமாவுக்கு மூன்று நாளாக வயிற்று வலி. பித்தப்பையில் கல், நாளைக் காலை மனாடோவில் அறுவைச் சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் வண்டி. இங்கே யார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் மூப்பர் வந்து கட்டிலருகில் ஜெபிக்க வேண்டும். கோலோம் முழுவதும் முற்றத்தில் நிற்கும், ஆமென் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். ஆனால் கிளம்புகிறவரே மூப்பராக இருந்தால் யார் ஜெபிப்பது? இதை யாரும் யோசித்ததே இல்லை.

அவர் மனைவி ஃபெம்மி அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். மாமா காலையிலிருந்து தானே ஜெபிக்கப் பார்க்கிறாராம். வார்த்தை வரவில்லையாம். தேர்தல் முடிந்ததிலிருந்தே அப்படித்தானாம்.

உள்ளே போனேன். கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தார், எல்லாப் பொத்தானும் போட்டு. முகம் மஞ்சளாக இருந்தது. வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு முறை ஹாரன் அடித்தார். மலைப்பாதையில் மழைக்கு முன் இறங்க வேண்டும்.  எனக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்த ஜெபம் இருக்கிறதே, அதைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"சுருக்கமா வேணாம், ஓல்வி," என்றார். "வண்டி நிக்கட்டும்."

இழுத்த மூச்சை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போனேன்.

"ஊருக்கெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குன்னு கேக்க வரல. பயமா இருக்கு."

கையைப் பிடித்துக்கொண்டேன். தேர்தலன்று இருந்த மாதிரியே ஜில்லென்று இருந்தது. என்னிடமும் ஒன்றும் இல்லை. ராஜா முன்னால் கிண்ணத்தோடு நின்றவன் மாதிரி சும்மா நின்றேன். கர்த்தாவே, இவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் சொன்னேன். அவ்வளவுதான்.

பிறகு வாயைத் திறந்தால் உலகப் படைப்பு வந்தது. அவருடைய ஜெபம்! இத்தனை வருஷம் கரண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டது, ஒரு சொல் தவறாமல் எனக்குள் இருந்திருக்கிறது. வெளிச்சம் உண்டாக்கினவரே என்று தொடங்கினேன். ஜனாதிபதி, ஆளுநர், மேயர். மருத்துவர்கள் வந்ததும் நின்று, நாளைக் காலை கத்தியைப் பிடிக்கப் போகிற கைகளுக்காகக் கேட்டேன். விவசாயிகள். எரிமலை. ஒன்றையும் விடவில்லை. அவர் உதடும் கூடவே அசைந்ததைக் கண்ணை மூடியிருந்தும் உணர்ந்தேன், மூச்சு அப்படி வந்தது.

கடலோடிகளுக்கு வந்தேன். அவர் விரல்கள் என் கையை இறுக்கின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெக்கி. ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் கடைசியாகப் போய் நின்ற இடம் அதுதான். மகன் பெயரைச் சொன்னால் ஊரார் முன்னால் குரல் உடைந்துவிடும் என்று எல்லாக் கடலோடிகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அங்கே கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தோம். நான் அவன் பெயரைச் சொன்னேன். டெக்கி கலாலோ, எந்தக் கடலில் இருந்தாலும், அப்பாவுக்காக அவனைக் காத்தருளும் என்றேன். பெர்ட்டி மாமா சத்தமாக அழுதார். பொத்தான் போட்ட மனிதர் அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை.

ஆமென் சொன்ன பிறகுதான் கவனித்தேன், வண்டிச் சத்தம் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. முற்றத்தில் எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வழிக்குக் கஞ்சி கொண்டுவந்த மீக்கே தூக்குப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள், மூக்கு சிவந்திருந்தது. கஞ்சி நிச்சயம் ஆறியிருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

நல்லபடியாக முடிந்தது! கல்லைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். ஃபெம்மி அத்தை படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், நாங்கள் கேட்காமலே. நான் சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். நோல்டியும் ஆடினான். கல்லைப் பார்த்து ஆடிய முதல் தம்பதி நாங்களாகத்தான் இருப்போம்.

நவம்பர் 22, சனி

விடிந்ததும் போதகரம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் இன்னும் தலை சீவவில்லை. சம்மதம் என்றேன். ஜெபித்து எடுத்த முடிவா என்று கேட்டார்.

"இன்னும் காப்பி குடிக்கல, அம்மா," என்றேன்.

உள்ளே கூப்பிட்டு அவரே போட்டுக் கொடுத்தார். உலகத்திலேயே அவ்வளவு நல்ல காப்பி குடித்ததில்லை.

வழியில் மீக்கேயிடமும் சொல்லிவிட்டேன். சோறு ஆறும், மீக்கே, சொல்லிவிட்டேன் என்றேன். ஆறட்டும், ஆனால் குழம்பையாவது காப்பாற்ற வேண்டும் என்றாள். ஏதோ யோசனையோடு போனாள்.

டிசம்பர் 3, புதன்

மீக்கேயின் யோசனை என்னவென்று தெரிந்துவிட்டது. இனிமேல் சட்டிகள் மேசைக்கு வராதாம். ஆமென் வரும்வரை அடுப்பிலேயே, சிறு தணலில் இருக்குமாம். எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறாள். முதலில் வேதம், பிறகு ஜெபம், பிறகுதான் சாப்பாடு கண்ணில் படும். தான் கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திரியட்டும். இந்த வருஷம் மூப்பரை விடப் பெரிய சீர்திருத்தம் செய்தது அவள்தான்.

ஜனவரி 11, ஞாயிறு

பிரதிஷ்டை. கறுப்பு உடை, புதுச் செருப்பு கடித்தது, முழங்காலில் நின்றபோது கால் மரத்துவிட்டது, எழுந்திருக்கும்போது தடுமாறிப் போதகரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் பரவசத்தில் தடுமாறினேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் பொய்யில்லை. பாதிதான் செருப்பு.

பெர்ட்டி மாமா முன்வரிசையில் இருந்தார். பத்து கிலோ இளைத்திருக்கிறார். கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது.

ஜனவரி 21, புதன்

பெர்ட்டி மாமா வீட்டில் ஆராதனை, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் முறை. அவருக்குக் கஞ்சி மட்டும்தான். எங்களுக்கு எல்லாம் உண்டு. ஃபெம்மி அத்தை அடுப்பில் இரண்டு பெரிய சட்டிகளை மூடி வைத்திருந்தார். நான் வாசித்தேன், சின்னதாகப் பேசினேன். சாப்பாட்டு ஜெபத்துக்கு மாமாவைக் கேட்டேன். நானா, இப்போது நான் யார் என்று தயங்கினார். நீங்கள் சொல்லாமல் யார் சொல்வது என்றேன்.

எழுந்து நின்றார். நாங்கள் கண்ணை மூடினோம்.  கர்த்தாவே, உயிரோடு நிற்கிறேன், நன்றி, ஆமென் என்றார்.

அவ்வளவுதான். ஒரே மூச்சு. என்னுடையதைவிடச் சின்னது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. கரண்டிச் சத்தம் இல்லை. நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். நோல்டி, பின்தெருக்காரர்கள், பிள்ளைகள்கூடத் தலையைக் குனிந்தபடியே இருந்தார்கள். பெர்ட்டி மாமா என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்பில் கறி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா," என்றாள் மீக்கே, கண்ணை மூடியபடியே. "கடலோடிகள விட்டுட்டீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். உலகப் படைப்பிலிருந்து ஆரம்பித்தார். ஃபெம்மி அத்தை மெதுவாக எழுந்து போய், அடுப்பை அணைத்துவிட்டு, வந்து உட்கார்ந்துகொண்டார்.